கிஸ்ஸாவும் நாவலும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்கி நிற்க, நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்திருப்பது காத்தான்குடி. நெசவுக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஊர் அது. குடியிருப்போர் தொகைக்கு நிலம் போதாத ஊர் என்பதும் கிழக்கிலங்கை அறிந்ததே. அவ்வூரிலும் அதனையொத்த கரையோர முஸ்லிம் ஊர்களிலும், மின்விளக்கு வருமுன், இரவுப் பொழுதை நிறைத்தவை கிஸ்ஸாக்கள். எழுத்தறிந்த ஒருவர் குப்பி விளக்கின் முன்னமர்ந்து இராகமிட்டுப் படிப்பார். பன்பாய் இழைக்கும் கை ஓயாமலே பெண்கள் செவிமடுப்பர். சைத்தூன் கிஸ்ஸாவில் வாளெடுத்துப் பொருதும் அரசகுமாரி வருவாள். நூறு மசாலாவில் கேள்வி மேல் கேள்வி தொடுத்து, விடை சொல்வோனையே மணப்பேன் எனும் அரசகுமாரி வருவாள். தமிழ்நாட்டு அச்சுக்கூடங்களிலிருந்து தோணி ஏறி வந்த இந்நூல்கள், படிக்கத் தெரியாதோருக்கும் மனப்பாடமாகியிருந்தன.

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு நாவல் என்னும் புதிய இலக்கிய வகை எவ்வாறு வந்து சேர்ந்தது? நாவல் நடப்பியலின் குழந்தை என்றும், பழங்கதையை உதறிவிட்டே அது பிறந்தது என்றும் பாடநூல்கள் கூறுவது வழக்கம். தமிழில் நிகழ்ந்தது அதுவன்று. தமிழ் நாவல் பழங்கதையின் மடியிலேயே தவழ்ந்தது. அதிலும் இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் நூலை எடுத்துப் பார்த்தால், கிஸ்ஸாவின் எலும்புக்கூட்டின் மீதே அது தசை போர்த்தி நிற்பது புலப்படும்.

அந்நூல், 1885ஆம் ஆண்டில் வெளிவந்த அசன்பே சரித்திரம். இயற்றியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் மு. கா. சித்திலெப்பை. 1838ஆம் ஆண்டிற் பிறந்து 1898ஆம் ஆண்டில் மறைந்த இவர், சட்டத்துறையிற் பயின்று தொழில் புரிந்தவர். 1882ஆம் ஆண்டின் இறுதியில் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் இதழைத் தொடங்கியவர். தம் சமுதாயம் புதுக்கல்வியைப் புறக்கணித்துப் பின்தங்குவது கண்டு ஓயாது வாதாடியவர். கொழும்பு சாகிறாக் கல்லூரியாகப் பின்னர் வளர்ந்த கல்விக்கூடம் 1892ஆம் ஆண்டில் எழக் காரணமாயிருந்தோருள் ஒருவர்.

கதை இது. மிசிறு நாட்டில் உயர்குடியொன்றில் அசன் பிறக்கிறான். குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, கடல் கடந்து பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறான். தான் யார் என்பதை அறியாமலே வளர்கிறான். சிறுவனாக அங்கிருந்து தப்பிக் கல்கத்தாவை அடைகிறான். அங்கே ஆங்கில உயர் அதிகாரம் அவனுக்கு நிழலாகிறது. கல்வியும் கலைகளும் கைவருகின்றன. ஆங்கிலப் பெண்ணொருத்தியிடம் காதலும் அரும்புகிறது. பின்னர் மிசிறுக்குச் சென்று பெற்றோரைக் காண்கிறான்; அரசுக்குத் தொண்டாற்றிப் பே என்னும் பட்டம் பெறுகிறான்; காதலித்தவளை மணக்கிறான்.

இதனைக் கேட்கும் எந்த உம்மம்மாவும், இது தமக்குத் தெரிந்த கதைதானே என்பார். அவர் கூற்றில் பிழையில்லை. உருசிய அறிஞர் விளாதிமிர் புரோப் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் நாட்டு மாயக்கதைகள் நூற்றினை அடுக்கி வைத்துப் பார்த்தார். அரசகுமாரன், குடியானவன் மகன், கிழவி, நாகம் எனப் பாத்திரங்கள் மாறினும், அவர்கள் செய்யும் செயல்கள் மாறவில்லை என்று கண்டார். அச்செயல்கள் 31, அவற்றைச் செய்வோர் எழுவகையினர், எல்லாச் செயல்களும் ஒரே கதையில் வரவேண்டுவதில்லை, ஆனால் வருபவை ஒரே வரிசையில் வரும் என்பது அவர் முடிபு. வீட்டை ஒருவர் பிரிகிறார்; தீயவன் தீங்கிழைக்கிறான்; நாயகன் புறப்படுகிறான்; வழியில் ஒருவர் அவனைச் சோதித்து மாயப்பொருள் ஒன்றைத் தருகிறார்; பகை வெல்லப்படுகிறது; நாயகன் அடையாளம் தெரியாதவனாய் மீள்கிறான்; கடும்பணியொன்றை முடிக்கிறான்; அறிந்துகொள்ளப்படுகிறான்; மணமுடித்து அரசேறுகிறான். அசன்பேயின் வாழ்வை இவ்வரிசையில் வைத்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சித்திலெப்பை புரோப்பை அறிந்தவரல்லர். புரோப்பின் நூல் வெளிவந்தது அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின்னரே. தம் வாசகர் எதைக் கேட்டுப் பழகியவர் என்பதை அவர் அறிந்திருந்தார். அது போதுமாயிருந்தது.

யூசுபு நபியின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. அது மாயக்கதை அன்று. வேதம் உரைக்கும் வரலாறு. எனினும் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட மைந்தன் அந்நிய நாட்டில் உயர்வதும், உறவினர் அவனை அறியாது நிற்பதும், பின்னர் அறிவதும் கிஸ்ஸா வாயிலாகக் கேட்போர் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தன. யூசுபு நபி அடிமையாய் விற்கப்பட்டு உயர்ந்தது மிசிறு நாட்டில். அசனோ மிசிறிலிருந்து பிரிக்கப்பட்டு மிசிறுக்கே மீள்கிறான். பழைய பாதையை எதிர்த்திசையில் நடந்தது போன்ற அமைப்பு.

ஆயின் சித்திலெப்பை செய்த புதுமை யாது? மாயப்பொருளை மாற்றியதே அது. கிஸ்ஸாவில் மோதிரம் கிடைக்கும், மந்திரம் கிடைக்கும், பறக்கும் குதிரை கிடைக்கும். அசனுக்குக் கிடைப்பது கல்வி. ஜின்னின் இடத்தில் ஆசிரியர் நிற்கிறார்; ஏழு கடலின் இடத்தில் பம்பாயும் கல்கத்தாவும் என வரைபடத்தில் சுட்டத்தக்க நகரங்கள் நிற்கின்றன. இதழில் எழுதியும் மேடையிற் பேசியும் அவர் எதனை வற்புறுத்தினாரோ, அதனையே கதையின் மிக முக்கியமான மூட்டில் வைத்துவிட்டார். கட்டுரையைப் படிக்க மறுப்பவனும் கதையை மறுக்கமாட்டான் என்ற கணக்கு அது. செய்யுளை விடுத்து உரைநடையை ஏற்றதும் அக்கணக்கின் பாற்பட்டதே.

மிசிறு நாட்டைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. 1882ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை மிசிறில் இறங்கி, அந்நாட்டு எழுச்சித் தலைவர் அறபி பாஷாவைத் தோற்கடித்தது. அவரும் துணைவர் சிலரும் நாடுகடத்தப்பட்டு 1883ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் வந்திறங்கினர். கிஸ்ஸாவில் மட்டுமே கேட்டிருந்த மிசிறு, கொழும்புத் தெருவில் மெய்யாகவே நடந்து வந்தது. பாஷா என்ற பட்டத்துக்கு உடலும் முகமும் கிடைத்தன. அறபி பாஷாவோடு நெருங்கிப் பழகியவர் சித்திலெப்பை. இரண்டாண்டு கழித்து நாவல் அச்சேறியது.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அறபி பாஷாவை நாடுகடத்தியது ஆங்கில வல்லரசு. அவருடைய நண்பர் எழுதிய நாவலில், மிசிறு மைந்தனுக்கு வாழ்வளிப்பதும் அதே ஆங்கில அதிகாரம்! இதனை ஆசிரியரின் கோழைத்தனம் எனக் கருதுவது நீதியன்று. புதுக்கல்வியை ஆங்கிலேயர் வாயிலாகவே பெற இயலும் என்பது அக்காலச் சீர்திருத்தவாதியின் உறுதியான எண்ணம். ஆயினும் கதையமைப்பு அவருக்குச் செய்த உதவியையும் கவனிக்கவேண்டும். மாயக்கதையில் வரம் தரும் கிழவியை நோக்கி, உனக்கு இதனால் என்ன ஆதாயம் என்று எவரும் வினவுவதில்லை. கொடுப்பது அவள் தொழில், கொடுத்தபின் மறைந்துவிடுவாள். அப்பழைய ஆசனத்தில் ஆங்கில அதிகாரியை அமர்த்தியவுடன், அவனையும் எவரும் கேள்வி கேட்கவில்லை. 1882க்கும் 1885க்கும் இடையே எழுந்திருக்கவேண்டிய கேள்வி, பழங்கதையின் மெத்தையில் ஓசையின்றி அமிழ்ந்துபோயிற்று.

பழங்கதையைப் பின்பற்றும் நாவல், நாவலாக நிற்பதும் நிற்காததும் இத்தகைய மூட்டுகளிலேயே முடிவாகிறது. அமைப்பைக் கடன்வாங்குவது குற்றமன்று. அமைப்பு கேளாது விட்ட கேள்வியை நாவல் கேட்கிறதா என்பதே அளவுகோல். கொடுத்தவன் எதை நாடிக் கொடுத்தான்? நாயகன் புறப்பட்டபின் வீட்டில் எஞ்சியவர் எங்ஙனம் நாள் கழித்தனர்? அரசகுமாரிக்குக் கேட்கப்பட்ட விலையை ஈந்தவர் யார்?

இதற்கு ஆங்கில நாவலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1860, 1861ஆம் ஆண்டுகளில் எழுதிய கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலில், கொல்லன் வீட்டில் வளரும் ஏழைச் சிறுவன் பிப்புக்குத் திடீரெனப் பெருஞ்செல்வம் வருகிறது. மணக்கோலம் களையாது பாழடைந்த மாளிகையில் வாழும் மூதாட்டியே தனக்கு வாய்த்த வனதேவதை என்று அவன் நம்புகிறான். கதையும் அவ்வாறே நம்பவைக்கிறது. பல்லாண்டு சென்றபின் உண்மை வெளியாகிறது. பணம் தந்தவள் அவளல்லள். சிறுவயதில் கல்லறைத் தோட்டத்தில் எதிர்ப்பட, அவன் அஞ்சி நடுங்கிப் பின்னர் உணவு கொண்டுபோய்க் கொடுத்த தண்டனைக் கைதி அவன். நடுங்கும் கிழவிக்குச் சோறிட்டவனுக்கு வரம் கிடைக்கும் என்பது பாட்டி கதையின் பழைய விதி. டிக்கன்ஸ் அவ்விதியை எழுத்துக்கெழுத்துக் காப்பாற்றினார். காப்பாற்றியபடியே, வரம் தந்த கை விலங்கு பூண்ட கை என்று காட்டி, பெற்றவனை வெட்கி நிற்கவும் வைத்தார். கொடுத்தவன் ஆள் ஆனான். அவனுக்கு ஒரு பழங்கணக்கும் பசியும் இருந்தன. நாவல் பிறந்தது அந்த நொடியில்.

தமிழின் முதல் நாவலும் இவ்வகையில் ஆராயத்தக்கது. 1879ஆம் ஆண்டில் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஆணுடை தரித்துக் கணவனைத் தேடிச் செல்லும் ஞானாம்பாளின் கழுத்தில் பட்டத்து யானை மாலை சூட்டுகிறது, அவள் அரசாகிறாள். யானை மாலையிடுவது நாட்டுப்புறக் கதையில் ஆயிரம் தடவை நிகழ்ந்தது. ஆனால் பிள்ளையவர்கள் நீதிமன்றத்தில் முன்சீபாக அமர்ந்தவர். முடி சூட்டியதும் ஞானாம்பாளை ஆட்சியும் நீதியும் பற்றிப் பேசவும் செயற்படவும் வைத்துவிட்டார். யானை வழி வந்த அரசு, நியாயத் தீர்ப்பின் வழி நடக்கிறது. மாயம் வாயில்வரை வந்து நிற்க, உள்ளே உலகியல் தொடங்குகிறது. (இடையிடையே அறிவுரை சற்று நீள்வது உண்மைதான், அக்கால வாசகர் அதனைப் பொறுத்தருளினர்.)

மீண்டும் காத்தான்குடிக்கு வருவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மாயக்கதையின் முடிவு யாது? நாயகன் அரசகுமாரியை மணந்து, மாமனாரின் நாட்டிலே தங்கி, பாதி அரசைப் பெறுகிறான். ஆணின் இல்லத்துக்குப் பெண் செல்லும் ஊர்களில் இது வெறும் கற்பனை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே இதுவே வழக்கம்! மணமகன் பெண் வீட்டுக்குச் செல்கிறான்; பெற்றோர் மகளுக்கு வீடு எழுதி வைக்கின்றனர். மூத்தவளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டை ஒப்படைத்துவிட்டு, அருகே சிறியதொரு மனைக்கு ஒதுங்கி, அடுத்தவளுக்கென்று அதனையும் கல்வீடாக உயர்த்துவோர் உண்டு. பாதி அரசு என்று கதையில் வருவது, இங்கே சுவரும் ஓடும் கிணறும் வளவுமாகக் கண்ணெதிரே நிற்கிறது.

அப்படியாயின் கடும்பணி யாருடையது? கிஸ்ஸாவில் அரசன் பணியிடுவான், மாப்பிள்ளை அதனை முடிப்பான். காத்தான்குடியில் மாப்பிள்ளைக்குப் பணியில்லை; பணி வாப்பாவுடையது. மூன்று பெண்களைப் பெற்றவர், ஒடுங்கிய நிலத்தில் மூன்று வீடு எழுப்பியாகவேண்டும். துணிப்பொதியைச் சுமந்து தீவின் மறுமுனைவரை வணிகத்துக்குச் செல்லும் அவரே புறப்படும் நாயகன். கடன் கொடுப்பவரே வழியில் எதிர்ப்படும் கிழவி. பத்திரம் எழுதும் நாளே மணிமுடி சூடும் நாள். கதை முடிகையில் அரசேறுவது அவரல்லர். அவர் சிறுமனைக்கு ஒதுங்குகிறார். வரிசை மாறவில்லை. கதையின் நடுவில் நிற்பவர் மட்டும் மாறிவிட்டார். அம்மாற்றம் ஒன்றினாலேயே மாயக்கதை நாவலாகிவிடும். மகள்மாருக்கு நாட்டைப் பகிர்ந்தளித்துவிட்டு வெளியே நின்ற லியர் மன்னனின் துயரும், உப்பைப்போல் அன்பு என்னும் நாடோடிக் கதையை வேராகக் கொண்டதென்பது நேயர்கள் அறிந்ததே.

வாவியின் அற்புதமும் இவ்விடத்தில் ஓர் உவமையாகும். நிலாக் காலத்தில் மட்டக்களப்பு நீருக்கடியிலிருந்து இன்னொலி எழுவதை ஊரார் பாடும் மீன் என்றனர். 1848ஆம் ஆண்டில் அங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தென்னென்ற், இரவில் ஓடமேறிச் சென்று கேட்டார். ஓடத்தின் மரத்தில் செவியை வைத்தால் ஒலி மிகுவதைக் கண்டு, 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குறித்தார். அவர் அற்புதத்தைப் பொய்யென்று தள்ளவில்லை. மரத்தில் செவியை வைத்தார். பழங்கதையிடம் நாவலாசிரியன் செய்யவேண்டியதும் அவ்வளவே.

எல்லாவற்றையும் பழைய அச்சில் வார்த்துவிட இயலாது என்பதையும் கூறவேண்டும். 1990ஆம் ஆண்டு ஆகத்து 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை கரையோர வீடுகளைக் கொண்டுபோயிற்று. மாயக்கதையில் தீங்கு என்பது பின்னால் வரும் இழப்பீட்டுக்கான முன்பணம். மாண்டவர் மேல் தண்ணீர் தெளித்தால் எழுந்து வருவார். இங்கே எழுந்து வரவில்லை. இவற்றை எழுதப் புகுவோன், அறிந்துகொள்ளுதல், மணம், முடிசூட்டு என்ற இறுதிப் படிகளை ஒட்டவைத்தால் இறந்தோரை ஏமாற்றியவனாவான். வரிசையைத் தொடங்கி, பாதியில் முறிந்த இடத்தில் முறிந்தபடியே விடுவதே நேர்மை. முறிந்தது எங்கே என்று வாசகன் அறிவதற்கும், முழு வரிசை அவன் செவியில் முன்பே இருப்பது உதவும்.

முறியாமலே மாறிப்போன கதையொன்றும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து, இலங்கையின் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றனர். கிழக்குக் கரையும் அதற்கு விலக்கன்று. மகளுக்கு ஒரு வீடு எழுப்பவேண்டும் என்பதே பலரின் நோக்கம். ஏழு கடலுக்கு அப்பாலுள்ள நாடு, திறக்கக்கூடாத அறைகள் நிறைந்த மாளிகை, வாயிலில் நின்று கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் எசமானி, வழியில் எதிர்ப்பட்டுப் பயணம் ஏற்பாடு செய்யும் முகவர் எனக் கிஸ்ஸாவில் வருவன யாவும் அப்படியே உள்ளன. அரசகுமாரன் புறப்பட்ட இடத்தில் உம்மா புறப்படுகிறாள். முகவர் எதை நாடி உதவினார் என்ற கேள்விக்கு இக்கதையில் தப்ப வழியில்லை. கடன் பத்திரத்திலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது.

அவள் மீளும் நாள்தான் புரோப் வகுத்த வரிசையின் மிகப் பழைய படி. நாயகன் அடையாளம் தெரியாதவனாய்த் தன் வீட்டு வாயிலில் நிற்பான், மோதிரத்தைக் காட்டுவான், அல்லது உடலிலுள்ள வடுவைக் காட்டுவான், உடனே கண்டுகொள்வர். கைக்குழந்தையை விட்டுச் சென்றவள் நான்கு ஆண்டு கழித்து, பெட்டிகளோடு வளவுக்குள் நுழைகிறாள். அவள் அனுப்பிய பணத்தில் சுவர் எழுந்திருக்கிறது. கூரை இன்னும் மீதம். குழந்தை உம்மம்மாவின் பின்னால் ஒளிந்து, சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. வந்தவளிடம் மோதிரம் இருக்கிறது. கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடுவும் இருக்கிறது. எதைக் காட்டினால் அக்குழந்தை அறிந்துகொள்ளும் என்பது எந்தக் கிஸ்ஸாவிலும் சொல்லப்படவில்லை.